நடக்கும்போதே பார்த்தவர்

லிஃப்ட்காரர் பிறந்ததே தாமதமாகத்தான். குறித்த நாள் கடந்து, மறுநாள் கடந்து, காத்திருந்த டாக்டர் அலுத்துப்போய் லீவில் போன பிறகுதான் அவர் இந்த உலகத்தை எட்டிப் பார்த்தாராம். அன்றைக்குப் பிடித்தது சனி. அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் எதுவும் அவர் கண்ணெதிரே நடந்ததில்லை. எல்லாம் அவர் வருவதற்குச் சற்று முன்னால் நடந்து முடிந்திருக்கும். அல்லது அவர் போன கையோடு நடக்கும்.

வேலையும் அப்படித்தான் வாய்த்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள், ஒரு கைவிளக்கும் ஒரு டப்பா கிரீஸுமாகக் காலம் தள்ளினார். மூன்றாவது மாடியில் ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, “இனிமே ஒரு நிமிஷம்கூட உன்கூட இருக்க மாட்டேன்” என்று கத்துவாள். இருட்டுக்குள் இவர் காதைத் தீட்டிக்கொள்வார். அதற்குள் ஐந்தாவது மாடிக்காரன் மணியடித்துத் தொலைப்பான். மேலே போய்விட்டுத் திரும்பினால் மூன்றாவது மாடி கப்சிப். அவள் போனாளா, இருந்தாளா, அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது, ஒன்றும் தெரியாது. இப்படிப் பாதிப் பாதியாகப் பொறுக்கிய கதைகளை ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொல்வார். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை இல்லாத எதுவும் அவளுக்கு ஆகாது.

“முழுசா ஒரு கதை சொல்லத் துப்பில்லையா உங்களுக்கு?” என்பாள்.

“லிஃப்ட் சரியாயிடுச்சே, நான் என்ன பண்றது?” என்பார் அவர்.

ஒரு அலுவலகம் தீப்பிடித்து எரிந்தபோது, அதே கட்டடத்து லிஃப்டின் அடிக்குழியில் உட்கார்ந்து ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். எல்லாம் அணைந்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, “என்ன, எல்லாரும் நனைஞ்சிருக்கீங்க?” என்று கேட்டார். அதுகூடப் போகட்டும். அவருடைய மகள் பிறந்தது ஆஸ்பத்திரி லிஃப்டில். டீச்சரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஏற்றினார்கள், லிஃப்ட் நடுவழியில் நின்றது, ஆளனுப்பினார்கள். வந்தவர் இவர்தான். உள்ளே யார் என்று கேட்க நேரமில்லாமல் லிஃப்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது, காலுக்குக் கீழே குழந்தை வீறிட்டது. இவர் கூரையைத் தட்டி, “யாரு வீட்டுக் குழந்தைம்மா?” என்று விசாரித்தார். கீழேயிருந்து டீச்சர் சொன்ன பதிலை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆகவே, ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாலை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய சினிமா தியேட்டர் வாசலில் ‘நேரலை’ என்ற எழுத்தைப் பார்த்ததும் லிஃப்ட்காரரின் கால் தானாக நின்றது. தலைநகரத்து அரங்கில் மேடை நாடகம் நடக்கும். அதைக் கேமரா வைத்துப் பிடித்து, அதே நொடியில் சின்ன ஊர்த் தியேட்டர் திரைகளில் காட்டுவார்கள் என்று அந்தச் சுவரொட்டி சொன்னது. டிக்கெட் ஜன்னலுக்குள் மேனேஜரே உட்கார்ந்திருந்தார்.

“அதே நொடியிலன்னா? அவங்க நடிக்கும்போதேவா?”

“அவங்க அங்க தும்மினா நீங்க இங்க முகத்தைத் துடைச்சுக்கலாம் சார்” என்றார் மேனேஜர்.

லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். “யாருக்குக் கல்யாணம்?” என்று டீச்சர் கேட்டாள். அவளையும் இழுத்துக்கொண்டு போய் நடுவரிசையில் உட்கார்ந்தார்.

அந்த முதல் நாடகம் நிஜமாகவே நேரலைதான். அதனால்தான் உருப்படவில்லை. கதாநாயகி கடிதத்தைப் படித்துவிட்டு வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. படம் உறைந்துபோயிற்று. ஜனங்கள் விசில் அடித்தார்கள், நாற்காலியைத் தட்டினார்கள், ஒருவர் சோளப்பொரிப் பொட்டலத்தைத் திரைமேல் எறிந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் வாயை மூடினாள். மறுபடி கூச்சல், மறுபடி உறைந்தாள்.

மற்றவர்கள் ஆபரேட்டரைத் திட்டினார்கள். லிஃப்ட்காரர் மட்டும் வேறொன்றைக் கண்டுபிடித்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் பொத்தானை அழுத்திப் பேசினால் கீழே காவல்காரனுக்குக் கேட்கிறது; காவல்காரன் பேசினால் இவனுக்குக் கேட்கிறது. ஒரு கம்பி வழியாக ஒன்று வருமானால், அதே கம்பி வழியாக இன்னொன்று போகவும் செய்யும். ஆகவே இங்கே போட்ட கூச்சல் அங்கே மேடையில் விழுந்திருக்கிறது. பாவம் அந்தப் பெண், அரண்டு நின்றுவிட்டாள்!

அடுத்த நாடகத்தன்று விளக்கு அணையும் முன்னால் எழுந்து திரைக்கு முன்னே போய் நின்றார். “இது சினிமா இல்ல. அங்க உயிருள்ள மனுஷங்க நடிக்கிறாங்க. நாம சத்தம் போட்டா அவங்களுக்குக் கேட்கும். போன தடவை பார்த்தீங்கல்ல?” என்றார். சிலர் சிரித்தார்கள். ஆனாலும் சோதித்துத்தான் பார்ப்போமே என்று சத்தம் போடாமல் இருந்தார்கள். என்ன ஆச்சரியம்! அன்றைக்குப் படம் ஒரு தடவைகூட உறையவில்லை. அதற்கடுத்த நாடகத்திலும் இல்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் சட்டம். சோளப்பொரி கூடாது. கைப்பேசி கூடாது. தாமதமாக வருகிறவர் இடைவேளை வரைக்கும் வராந்தாவில் நிற்க வேண்டும். நடிகர்கள் கடைசியில் குனிந்து வணங்கும்போது இங்கேயும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்?

இந்த ராஜாங்கத்துக்கு மந்திரியாக வந்து சேர்ந்தவர் டீச்சரின் தம்பி, பல் டாக்டர். விளக்கு அணையும் முன்பு வரிசை வரிசையாக டார்ச் அடித்துக்கொண்டு போவார். “ஆ காட்டுங்க” என்பார். வாயில் மிட்டாய் இருந்தால் துப்பச் சொல்வார். அப்படியே, “கடைவாய்ல ஒண்ணு ஆடுது, திங்கட்கிழமை வந்துருங்க” என்றும் சொல்லிவைப்பார். அவருக்கும் நஷ்டமில்லை.

லிஃப்ட்காரரைத் தெருவில் எல்லோரும் நின்று விசாரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் முழுக்கதை இருந்தது. அதுவும் நடக்கும்போதே பார்த்த கதை. ஒரு கிழவியைப் பற்றிய நாடகம் ஒன்று வந்தது. வீட்டை விற்க மாட்டேன் என்று ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அடம் பிடிப்பாள். மூத்த மகன் குடையோடு வந்து மன்றாடுவான். கூட்டம் தாங்காமல் மேனேஜர் அதைச் சனிக்கிழமையும் போட்டார், ஞாயிற்றுக்கிழமையும் போட்டார். இரண்டு நாளும் பார்த்துவிட்டு வந்த லிஃப்ட்காரர் கண் கலங்கிவிட்டார்.

“என்ன பயிற்சி! என்ன பயிற்சி! நேத்து எந்த இடத்துல மூச்சு விட்டாங்களோ, இன்னிக்கும் அதே இடத்துல விட்டாங்க. ஒரு இமை மாறலயே!”

“ஆமாம், இமைகூட மாறல” என்று டீச்சர் ஒரு மாதிரியாகச் சொன்னாள். அந்த மாதிரியை அவர் கவனிக்கவில்லை.

இடி விழுந்தது மகள் ரூபத்தில். தலைநகரத்தில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அப்பா ஆசையாகக் கூப்பிட்டாரே என்று அவளும் தியேட்டருக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடைவேளை முடிகிற சமயத்தில் கேமரா தலைநகர அரங்கின் ஜனங்கள்மேல் ஒரு சுற்றுச் சுற்றும். லிஃப்ட்காரருக்கு அது ரொம்பப் பிடித்த இடம். நாமும் அவர்களும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்து மெய்சிலிர்ப்பார். அன்றைக்கும் சிலிர்த்துக்கொண்டிருக்கையில், திரையில் ஒரு பெண், கதவு அகலத்துக்கு வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள். அதே நொடியில் பக்கத்து நாற்காலியிலும் ஒரு கொட்டாவி. அவர் இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். கொட்டாவி இரண்டு, வாய் ஒன்று.

“ஏம்மா... அது யாரு?”

“நான்தாம்ப்பா. போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல கூட்டிட்டுப் போனாங்க.”

“செவ்வாய்க்கிழமை?”

“சொன்னா உங்களுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேன்னு வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. செம போர்ப்பா.”

“இன்னிக்கு சனிக்கிழமைம்மா.”

“அதுக்கு நான் என்னப்பா பண்ணட்டும்?”

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் பிஸ்கட் உள்ளே விழுந்து கரைந்தது.

“முதல் நாடகம் சத்தியமா நேரலைதான் சார்” என்றார் மேனேஜர். “இங்க வர்ற லைன் தாங்கல. என்னை அடிக்காத குறை. அப்புறம்தான் பதிவு பண்ணினதை வாங்கிப் போட ஆரம்பிச்சேன். அதுலதான் உறையறதே இல்லையே. நானே ‘நேரலை’ங்கிற போர்டை மாத்தலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க எல்லாரையும் மிரட்டி உட்கார வெச்சிட்டீங்க. வாந்தி எடுக்கிற குழந்தைகூட உங்களுக்குப் பயந்து முழுங்கிடுது. இந்த ஊர்ல எந்தப் படத்துக்கு சார் இப்படி உட்கார்ந்திருக்காங்க? நான் எப்படி வாயைத் திறப்பேன்?”

“அப்போ நான் பார்த்த கிழவி...”

“அது போன வருஷத்துக் கிழவி சார்.”

வேறொருவராக இருந்தால் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார். லிஃப்ட்காரர் மானஸ்தர். நேரே உள்ளே போய், நாடகம் ஓடிக்கொண்டிருந்த திரைக்கு முன்னால் நின்றார். நெற்றியில் கதாநாயகனின் மூக்கு விழுந்தது. சட்டையில் ஒரு மேசையும் விளக்கும் விழுந்தன.

“எல்லாரும் கேளுங்க. இது நேரலை இல்ல. நாம ஏமாந்துட்டோம். இது செவ்வாய்க்கிழமை நடந்தது!”

“உஷ்ஷ்!” என்றது மொத்தத் தியேட்டரும்.

“என் பொண்ணு இங்க உட்கார்ந்திருக்கா, அங்கயும் உட்கார்ந்திருக்கா! இப்பதான் பார்த்தேன்!”

“அத்தான்!” பல் டாக்டர் குனிந்தபடியே ஓடி வந்தார். “நடிச்சிட்டிருக்காங்க அத்தான்! அவங்களுக்குக் கேட்கப் போகுது!”

“கேட்காதுடா! செவ்வாய்க்கிழமைக்கு எப்படிடா கேட்கும்?”

“பாவம், வயசாயிடுச்சு” என்றது ஒரு குரல். “பொண்ணு ஊருக்குப் போகப் போற ஏக்கம். பார்க்கிறதெல்லாம் அவளாத் தெரியுது” என்றது இன்னொரு குரல். பல் நோயாளிகள் இரண்டு பேர் மரியாதையாக ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தப்பட்டது. அவர் போட்ட சட்டம். யாரைக் குறை சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் டீச்சரிடம் குமுறினார். “நீயாவது எழுந்து சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கு அந்தக் கிழவி நாடகத்தப்பவே தெரியும்” என்றாள் டீச்சர், துணி மடித்துக்கொண்டே. “ரெண்டு நாள் ஒரே மாதிரி மூச்சு விடறதுக்கு அவ என்ன கடிகாரமா?”

“அடிப்பாவி! ஏன் சொல்லல?”

“நீங்க ரெண்டு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு உட்கார்ற ஒரே இடம் அது. அதையும் கெடுத்துக்கணுமா நான்?”

அதோடு பதவி போயிற்று. பல் டாக்டர்தான் இப்போது திரைக்கு முன்னால் நின்று உபதேசம் செய்தார். தெருவில் ஜனங்கள் லிஃப்ட்காரரிடம் உரக்கவும் நிதானமாகவும் பேச ஆரம்பித்தார்கள், காது கேளாதவரிடம் பேசுவதுபோல. “எப்படி இருக்கீங்க? நல்லாத் தூக்கம் வருதா?” அவருக்கு வயிறு எரிந்தது. ஏமாந்ததுகூடப் பெரிதில்லை, ஏமாந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவனைப் பைத்தியம் என்கிறார்களே! தான் சொன்னது உண்மை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லோர் முன்னிலையிலும் நிரூபித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு நாடகமும் வேண்டாம், நேரலையும் வேண்டாம்.

வாய்ப்பு தானாகவே வந்தது. ஜனங்களின் விருப்பத்துக்கிணங்க அந்தக் கிழவி நாடகம் மறுபடியும் வருகிறது என்று சுவரொட்டி ஒட்டினார்கள். மேனேஜரே வீடு தேடி வந்தார்.

“சார், நீங்க அன்னைக்குப் போட்ட சத்தத்துல முதலாளி பயந்துட்டாரு. புது லைன் இழுத்தாச்சு. இந்தத் தடவை நிஜமாவே நேரலை. நீங்க அவசியம் வரணும்.”

“யார் காதுல பூ சுத்தற?” என்றார் லிஃப்ட்காரர். ஆனால் மனசுக்குள் குதித்தார். கிழவி நாடகம்! அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்து என்ன நடக்கும், யார் எந்தக் கையைத் தூக்குவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டே போனால், பதிவு பண்ணினதுதான் என்று எந்த மடையனுக்கும் விளங்கிவிடும்.

அன்றைக்கு அதே இஸ்திரிச் சட்டையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். கையில் பெரிய பொட்டலம் சோளப்பொரி. முதல் பொரியை அவர் கடித்த சத்தத்தில் பின்வரிசை நிமிர்ந்தது. திரை விலகியது. கிழவி நாற்காலியில் இருந்தாள்.

“இப்போ இடது காலைச் சொறிவா” என்றார் லிஃப்ட்காரர் உரக்க.

கிழவி இடது காலைச் சொறிந்தாள்.

“உஷ்ஷ்! அத்தான்!”

“இப்போ பெருமூச்சு விட்டுட்டு ஜன்னலைப் பார்ப்பா.”

கிழவி பெருமூச்சு விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். இருட்டில் முணுமுணுப்பு கிளம்பியது. “எப்படிய்யா சொல்றாரு?” என்று ஒருவர் கேட்டார். “நாமளும்தானே ரெண்டு தடவை பார்த்தோம், நமக்கு ஞாபகம் இல்லையே” என்றார் இன்னொருவர். “ஒருவேளை...” என்று இழுத்தது ஒரு பெண்குரல். அந்த ‘ஒருவேளை’யைக் கேட்டதும் லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“இப்போ பாருங்க, வாசல் கதவைத் திறந்துக்கிட்டு மூத்தவன் உள்ள வருவான். கையில நனைஞ்ச குடை. மூணு தடவை உதறுவான். அப்புறம் நம்புங்க.”

வாசல் கதவின் கைப்பிடி அசைந்தது. கதவு திறக்கவில்லை.

மறுபடி அசைந்தது. அந்தப் பக்கமிருந்து யாரோ தோளால் இடித்தார்கள். சுவரில் மாட்டியிருந்த படம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கதவு அசைவதாக இல்லை.

“எங்க அத்தான், குடையைக் காணோம்?” என்றார் பல் டாக்டர்.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். கிழவியின் முகம் திரை முழுக்க நின்றது. உதடு சிரித்துக்கொண்டிருந்தது; கண் மட்டும் கதவைப் பார்த்து மிரண்டது. கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. “யாரது? மூத்தவனா?” என்றாள். அந்த வசனம் நாடகத்தில் கிடையாது. “கதவு... கொஞ்சம் பழசு” என்றாள். அதுவும் கிடையாது. தலைநகரத்தில் ஒரு இருமல் கேட்டது. அந்தப் பக்கம் மூத்தவன் காலால் ஓர் உதை விட்டான். பூட்டு நாக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே லிஃப்ட்காரருக்குத் தெரிந்துவிட்டது. உதைத்தால் இன்னும் இறுகும்.

சோளப்பொரி எப்போது கையை விட்டு விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. இது போன வருஷத்துக் கிழவி இல்லை. இந்தக் கிழவிக்கு இப்போது, இந்த நொடியில், வியர்த்துக்கொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கிறது, அவர் இங்கே இருக்கிறார். பின்னால் நூறு பேர் சிரிக்கக் காத்திருந்ததும், தான் நிரூபிக்க வந்ததும், எல்லாம் போன இடம் தெரியவில்லை.

“உதைக்காதய்யா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். “ஜன்னல்! ஜன்னல் வழியா வாய்யா!”

கதவில் இடிப்பது நின்றது. மேடை ஜன்னலின் திரைச்சீலை அசைந்தது. முதலில் ஒரு குடை உள்ளே வந்தது. பிறகு ஒரு கால். பிறகு, மூச்சிரைக்க, மூத்தவன் வந்து விழுந்தான்.

“அம்மா, இதுக்குத்தான் சொல்றேன் வீட்டை வித்துடுன்னு” என்றான்.

தலைநகரம் வெடித்துச் சிரித்தது. இங்கே அதற்கு மேல். நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார்கள். பல் டாக்டர் வந்து அத்தானைக் கட்டிக்கொண்டு, “கேட்டுடுச்சு அத்தான்! அவனுக்குக் கேட்டுடுச்சு!” என்று அழுதேவிட்டார். மூத்தவன் உள்ளே வந்ததும் இந்தப் பக்கம் திரும்பி நன்றியாகத் தலையை அசைத்தானாம். பார்த்தவர்கள் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். அன்றைக்கு வராதவர்கள் இன்னும் உறுதியாகச் சத்தியம் செய்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தியேட்டருக்கு விடிவே இல்லை. ஒருவர் சொல்லி நடிகர் கேட்டார் என்றால், மற்றவர்கள் வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாடகத்தில் கதாநாயகி பத்திரத்தை எடுத்ததுமே, “படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடும்மா!” என்று நான்கு மூலையிலிருந்தும் ஆலோசனை பறந்தது. அவள் போட்டுத் தொலைத்ததும், “சொன்னா கேட்கிறாளா பாரு, நம்ம வீட்டுப் பொண்ணுங்க மாதிரியே” என்று திட்டினார்கள். வில்லன் மேடைக்கு வந்தபோது பல் டாக்டர் எழுந்து, “பின்னாடி நிக்கிறான், பின்னாடி!” என்று டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு வசனம் காதில் விழவில்லை.

மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு லிஃப்ட்காரர் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“சார், நீங்க சொன்னாத்தான் கேட்பாங்க. திரைக்கு முன்னாடி நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இது நேரலை இல்ல, பதிவு பண்ணினதுதான்னு. அப்பவாவது வாயை மூடுவாங்க.”

“பொய் சொல்லச் சொல்றியா?” என்றார் லிஃப்ட்காரர்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்.”

“நாளைக்கு என்ன நாடகம்?”

“ரெண்டு அண்ணன் தம்பி. ஒருத்தன் இன்னொருத்தனுக்கு விஷம் வெக்கிறான்.”

லிஃப்ட்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ண எழுந்தாள்.

“எந்தக் கோப்பையிலன்னு மட்டும் சொல்லு” என்றார் லிஃப்ட்காரர். “நான் முன்வரிசையில இருக்கேன். அந்தப் பையன் குடிக்க மாட்டான்.”